அடியும் தடுப்பும்

நுழையும் முன்

சிலம்பக் களத்தில் இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். முதலில் அடிப்பவர் வெல்வாரா? பொறுத்து நின்று தடுப்பவர் வெல்வாரா? இவ்வினா களத்தில் நிற்போருக்கு மட்டும் உரியதன்று. கோட்டை கட்டிய அரசர்களும், போரை இலக்கணமாக வகுத்த புலவர்களும் இதை எண்ணிப் பார்த்துள்ளனர். அவர்கள் கண்ட விடையை இப்பாடம் விளக்குகிறது.

மதிலும் வாயிலும்

கருநாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ள ஊர் பூதிகோட்டை. பூதி என்னும் சொல்லுக்குச் சாம்பல், திருநீறு என்பன பொருள். அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர் நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டு, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஐதர் அலி பிறந்த ஊர் பூதிகோட்டையே. பழைய கோட்டையின் சிதைந்த பகுதிகள் அவ்வூரில் இன்றும் காணப்படுகின்றன.

கோட்டை என்றதும் நினைவிற்கு வருவது மதில். பகைவர் உள்ளே புகாமல் தடுப்பது மதிலின் வேலை. ஆனால் எந்தக் கோட்டையும் மதிலால் மட்டும் ஆனதன்று. அதற்கு வாயிலும் உண்டு. முற்றுகையிட்ட பகைவர் களைத்திருக்கும் வேளை பார்த்து, உள்ளிருக்கும் படை அவ்வாயிலின் வழியே வெளிப்பட்டுத் தாக்கும். மதில் மட்டும் இருந்து வாயில் இல்லையெனில், உள்ளே இருப்போருக்கு அக்கோட்டையே சிறையாகிவிடும். வாயில் மட்டும் இருந்து மதில் இல்லையெனில், அது வெட்டவெளி.

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தை இக்கருத்தோடுதான் தொடங்குகிறார். படையெடுத்துச் செல்பவர்க்கும் அரண் சிறந்தது. பகைவருக்கு அஞ்சித் தம்மைக் காத்துக்கொள்பவர்க்கும் அதுவே சிறந்தது என்கிறார் அவர். தாக்குவோரும் காப்போரும் ஒரே பொருளை நம்பியே நிற்கின்றனர் என்பது இதனால் விளங்கும். சிலம்பத்தில் அந்தப் பொருள் கையிலுள்ள கம்பு.

பூக்களால் வகுத்த போர்

பழந்தமிழர் போரைப் பற்றிய செய்திகளைப் புறத்திணை என்று வகைப்படுத்தினர். பெரும்பாலான திணைகளுக்குப் பூவின் பெயரோ செடிகொடியின் பெயரோ இடப்பட்டது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் இத்திணைகள் அமைந்துள்ள முறை கருதத்தக்கது.

பகைவருடைய ஆநிரைகளைக் கவர்வது வெட்சி. கவர்ந்த ஆநிரைகளைப் போரிட்டு மீட்பது கரந்தை. பகைவர் நாட்டின்மீது படையெடுத்துச் செல்வது வஞ்சி. வந்த படையை எதிர்சென்று தடுப்பது காஞ்சி. மதிலை வளைத்துத் தாக்குவது உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி. இவ்வாறு மூன்று இணைகள் அமைகின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாக்குதல், மற்றொன்று தடுத்தல். இருதிறத்தாரும் நேர்நின்று பொருவது தும்பை. வெற்றி பெற்றவர் சூடுவது வாகை.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. காக்கும் மறவர்க்கும் தாக்கும் மறவரைப் போலவே தனியொரு திணையும் தனியொரு பூவும் தரப்பட்டுள்ளன. காத்து நிற்றல் கோழைமை என்று எந்தப் புலவரும் கருதவில்லை. மற்றொன்று, வாகை இரு திறத்தாருக்கும் பொதுவானது. மதிலை வென்றவரும் அதைச் சூடலாம். மதிலைக் காத்தவரும் சூடலாம்.

சிலம்பக் களம்

சிலம்பம் தமிழரின் தொன்மையான தற்காப்புக் கலைகளுள் ஒன்று. மூங்கிலாலோ பிரம்பாலோ ஆன கம்பு அதன் முதன்மைக் கருவி. ஆடுபவரின் நெற்றி அளவிற்கு உயரமுள்ள கம்பைத் தேர்ந்துகொள்வது பொதுவான வழக்கம். கம்பைச் சுழற்றி அழகு காட்டுவதை அலங்காரச் சிலம்பம் என்றும், எதிராளியோடு பொருதுவதைப் போர்ச் சிலம்பம் என்றும் வழங்குவர். போட்டிக் களத்தில் இருவர் மோதும்போது, எதிராளியின் உடலைக் கம்பால் தொடுவதே புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. தொட்ட இடம் ஐயமின்றித் தெரிவதற்காகக் கம்பின் நுனியில் பொடியைத் தடவி ஆடும் வழக்கமும் உண்டு.

சிலம்பம் தமிழகத்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. தோட்ட வேலைக்காக மலேயா சென்ற தமிழரோடு அதுவும் கடல் கடந்தது. மலேசியாவில் இன்றும் பயிலப்படுகிறது. கருநாடகத்தில் தொண்ணெ வரசெ என்னும் கம்பாட்டம் உண்டு. தமிழ்நாட்டின் நான்கு நகரங்களில் 2024 ஜனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

தாக்குபவரின் வலிமை

முதலில் தாக்குபவருக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. எப்பொழுது, எந்த இடத்தில், எந்த முறையில் அடி விழும் என்பதை அவர் அறிவார், எதிராளி அறியார். கண் ஓர் அசைவைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை இயங்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி தேவைப்படுகிறது. கம்பின் நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், அந்தச் சிறுபொழுதிற்குள் அது 2 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். ஆகவே, மிக அண்மையில் நிற்பவர் அடியைக் கண்டபின் தடுக்கலாம் என்று எண்ணினால் ஏமாந்து போவார். அவர் கை உயர்வதற்குள் கம்பு தோளைத் தொட்டிருக்கும்.

தொடர்ந்து தாக்குபவர் ஆட்டத்தின் போக்கைத் தம் வயப்படுத்திக்கொள்கிறார். எதிராளி பின்னோக்கிச் செல்லச் செல்ல, களத்தின் எல்லைக்கோடு அவருக்கு நெருங்கி வரும். அவர் எண்ணிப் பார்ப்பதற்கும் இடமிராது.

போக்குக் காட்டுதலும் தாக்குபவரின் கருவியே. தலையை நோக்கிக் கம்பு வருவது போலக் காட்டினால், எதிராளி தம் கம்பை உயர்த்துவார். அந்நொடியில் அவர் விலாப்பகுதி காவலின்றித் திறந்துகிடக்கும். உண்மையான அடி அங்கே விழும்.

தாக்குதலின் விலை

ஆயினும், தாக்குதல் விலையின்றி வருவதன்று. அடிப்பதற்காக வீசிய கம்பு ஒரு வழியில் சென்றுவிட்டது. அதை உடனே நிறுத்தித் திருப்ப இயலாது. உடலின் எடை முன்காலுக்கு மாறிவிட்டது. அக்காலைச் சட்டென எடுக்கவும் இயலாது. வலப்பக்கம் வீசுகின்றவரின் இடப்பக்கம் அவ்வேளையில் காவலற்றுக் கிடக்கிறது. அடி இலக்கைத் தொட்டால் இவை எவையும் குறையாகா. அடி தவறினால், இவை ஒவ்வொன்றும் எதிராளிக்குத் திறந்த வாயிலாகும்.

மேலும், வீசுவதற்குச் செலவாகும் ஆற்றல், நின்று நோக்குவதற்கு ஆகும் ஆற்றலினும் மிகுதி. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓயாது அடித்தவர் இறுதியில் கை தளர்ந்து நிற்பதைப் போட்டிக் களங்களில் காணலாம்.

தடுப்பின் மூன்று வழிகள்

தடுப்பு என்பது கம்பைக் குறுக்கே நீட்டி நிற்பது மட்டுமன்று. அதில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இடைவெளியைக் காத்தல். எதிராளி ஓரடி முன்வைத்தால் அன்றி அவருடைய கம்பு தம்மைத் தொடாத தொலைவில் நிற்பதே முதல் தடுப்பு. அவ்வாறு நிற்பவருக்கு எதிராளியின் காலே முன்னறிவிப்புத் தருகிறது. கை வீசுவதற்கு முன் கால் நகர வேண்டும் ஆதலால், தடுப்பவருக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. சிலம்பம் கற்போர்க்குக் கம்பைக் கொடுப்பதற்கு முன்னரே காலடி முறைகளைப் பயிற்றுவிப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது, விலகுதல். நேரே பின்னோக்கிச் செல்வது மட்டும் விலகுதல் ஆகாது. பின்னால் செல்பவரை எதிராளி துரத்திக்கொண்டே வரலாம். பக்கவாட்டில் ஓரடி விலகினால், வந்த அடி வெற்றிடத்தில் விழும். எதிராளி திரும்பி நிற்க வேண்டியவராவார். அவர் திரும்பும் அந்த நேரம் விலகியவருக்குச் சொந்தமானது.

மூன்றாவது, அடியை ஏற்றுத் திருப்புதல். இங்கு ஓர் இயற்பியல் உண்மை உதவுகிறது. கையை நடுவாகக் கொண்டு கம்பு சுழலும்போது நுனியே மிகுந்த வேகத்தில் செல்கிறது. கைக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள இடம் நுனியின் வேகத்தில் பாதியளவே செல்லும். எனவே, வரும் கம்பை நுனிப்பகுதியில் தடுப்பவர் முழு வேகத்தையும் தாங்க நேரிடும். ஓரடி உள்ளே புகுந்து கைப்பக்கத்தில் தடுப்பவர் குறைந்த வேகத்தையே தாங்குவார். அடிக்கு அஞ்சிப் பின்னால் செல்பவர் பல வேளைகளில் நுனியிடமே அகப்படுகிறார். அடியை நோக்கி முன்னே செல்பவர் அதன் வலிமையைக் குறைத்துவிடுகிறார். தடுப்பதற்கு முன்னேற வேண்டியும் இருக்கும் என்பதைக் களம் இவ்வாறு கற்பிக்கிறது.

கம்பிற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை வரும் அடியைத் தடுத்து ஒதுக்கும்போதே மறுமுனை எதிராளியை நோக்கிச் சுழல்கிறது. அந்த இயக்கத்தில் எது வரை தடுப்பு, எது முதல் தாக்குதல் என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது.

விதியாகவே வகுத்த விளையாட்டு

தாக்குதலும் தடுத்தலும் மாறி மாறி வருவதை விதியாகவே வகுத்துக்கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. அது ஒலிம்பிக் வாள்வீச்சு. அதில் சேபர் என்னும் பிரிவில் இடுப்பிற்கு மேற்பட்ட உடற்பகுதியைத் தொட்டால் புள்ளி. இருவரும் ஒரே வேளையில் ஒருவரையொருவர் தொட்டுவிட்டால் புள்ளி யாருக்கு? முறையாகத் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி. மற்றவர் புள்ளி பெற வேண்டுமெனில், முதலில் வந்த வாளைத் தடுக்க வேண்டும். அல்லது அது தம்மீது படாதவாறு விலக வேண்டும். தடுத்த கணத்திலிருந்து தாக்கும் உரிமை அவருக்கு மாறுகிறது. வரும் வாளைப் பொருட்படுத்தாது தானும் கண்ணை மூடிக்கொண்டு வீசுபவருக்கு அவ்விதி எதையும் தருவதில்லை.

அவ்விளையாட்டில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி. பள்ளி மாணவியாக வாள்வீச்சைத் தொடங்கிய காலத்தில், விலை மிகுந்த வாள்களைப் போட்டிக்கென்று காத்து வைத்து, மூங்கில் குச்சிகளைக் கொண்டு பயிற்சி செய்தவர் அவர். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் தம் முதல் ஆட்டத்தை 15-3 என்னும் கணக்கில் வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சு நாட்டின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் சீனாவில் நடைபெற்ற ஆசிய வாகையர் போட்டியில், அப்போது உலக வாகையராக விளங்கிய ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என வென்றார். அரையிறுதியில் 14-15 என ஒரே ஒரு புள்ளியில் தோற்று, வெண்கலப் பதக்கம் பெற்றார். அவ்வகைப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. ஒரு புள்ளி என்பது ஒரு தாக்குதல். அல்லது ஒரு தடுப்பு. ஒன்றை மட்டும் கற்றவர் அத்தகைய ஆட்டத்தில் பதினான்கு புள்ளிகள் வரை வந்திருக்க மாட்டார்.

பொறுத்து நின்று வென்றவர்

தடுப்பினால் வெற்றிக்கு வழி கண்ட நிகழ்ச்சிகளுள் உலகம் நன்கறிந்த ஒன்று, 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த குத்துச்சண்டை. ஜார்ஜ் ஃபோர்மன் அதுவரை தோல்வியே காணாதவர், வயது 25. அவரை எதிர்த்த முகமது அலிக்கு வயது 32. ஃபோர்மனுடைய குத்தின் வலிமைக்கு முன் பலர் இரண்டு சுற்றுகளுக்கு மேல் நின்றதில்லை.

முகமது அலி களத்தின் ஓரத்துக் கயிற்றில் சாய்ந்துகொண்டார். கைகளால் முகத்தையும் உடலையும் காத்தபடி, ஃபோர்மனைக் குத்தவிட்டார். குத்துகளின் வேகத்தில் ஒரு பகுதியைக் கயிறு வாங்கிக்கொண்டது. இடையிடையே விரைந்த குத்துகளைத் தாமும் கொடுத்தார். சுற்றுகள் செல்லச் செல்ல ஃபோர்மனின் கைகள் கனத்தன. எட்டாவது சுற்றில் முகமது அலி கயிற்றைவிட்டு வெளிப்பட்டுத் தொடுத்த குத்துகளில் ஃபோர்மன் வீழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியைத் தடுப்பின் வெற்றி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. எட்டாவது சுற்றின் தாக்குதல் இல்லையெனில், முன்னைய ஏழு சுற்றுகளின் பொறுமைக்குப் பயனில்லை. ஏழு சுற்றுகளின் பொறுமை இல்லையெனில், எட்டாவது சுற்றின் தாக்குதலுக்கு வாய்ப்பில்லை. அப்பொறுமைக்கும் விலை உண்டு. அவர் தாங்கிய குத்துகள் பல. வலிமை அறியாத ஒருவர் இம்முறையைப் பின்பற்றினால் முதற்சுற்றிலேயே வீழ்வார்.

பூதிகோட்டையில் பிறந்தவரின் போர்முறை

கம்பு பிடித்த இருவருக்குப் பொருந்துவது பெரும்படைக்கும் பொருந்துமா? ஐதர் அலியின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

முதல் மைசூர்ப் போர் 1767ஆம் ஆண்டு தொடங்கியது. ஆங்கிலேயப் படை மைசூர் நாட்டிற்குள் புகுந்து கோலார் உள்ளிட்ட இடங்களைக் கைப்பற்றியது. ஐதர் அலியின் வலிமை அவருடைய விரைந்த குதிரைப்படை. பீரங்கிகளோடு அணிவகுத்து நிற்கும் படையை அதன் விருப்பம் போல வெட்டவெளியில் எதிர்கொள்ள அவர் விரையவில்லை. எதிரிக்கு உணவு வரும் வழிகளை அலைக்கழித்தார். இழந்த இடங்களை மீட்டார். பின்னர் 1769ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், எதிர்பாராத விரைவில் குதிரைப்படையோடு சென்னையின் அருகே தோன்றினார். ஆங்கிலேயரின் முதன்மைப் படை அப்போது வேறிடத்தில் இருந்தது. காவலற்ற பக்கத்தில் அடி விழுந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தருவதும், பிறர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவதும் அதில் அடங்கின.

அதே ஐதர் அலி 1781ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் வேறு வகையில் போரிட்டார். தம்மினும் மிகச் சிறிய ஆங்கிலேயப் படையை, காவலிட்ட ஓரிடத்தில் நிலைகொண்டு எதிர்பார்த்தார். ஐர் கூட் என்னும் தளபதி நேரே வந்து மோதாமல் பக்கவாட்டில் சுற்றி வந்து தாக்கினார். ஐதர் அலியின் படை பின்வாங்க நேர்ந்தது. முன்பு பக்கவாட்டில் சென்று வென்றவர், பின்பு பக்கவாட்டில் வந்த அடியாலேயே தோற்றார். ஒரு முறை வெற்றி தந்த உத்தி மறுமுறையும் தரும் என்பதற்கு உறுதியில்லை, எதிராளியும் கற்றுக்கொள்கிறார்.

கடா பின்வாங்குவது ஏன்?

அவ்வாறாயின், எப்போது தாக்குவது, எப்போது தடுப்பது? வள்ளுவர் இதற்கு மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை வலியறிதல், காலமறிதல், இடனறிதல்.

செய்யும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை, இருவருக்கும் துணை நிற்போரின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டுப் பார்ப்பது வலியறிதல். பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வென்றுவிடும் என்பது காலமறிதலில் அவர் காட்டும் உவமை. ஆழ்ந்த நீரில் முதலை பிற உயிர்களை வெல்லும்; நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் முதலையை வெல்லும் என்பது இடனறிதலில் காட்டும் உவமை.

இவற்றுள் சிலம்பக் களத்திற்கு மிகவும் அணுக்கமானது ஆட்டுக்கடாவின் உவமை. ஊக்கம் உடையவன் அடங்கியிருப்பது, பொருகின்ற கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவது போன்றது என்கிறார் வள்ளுவர். கடா பின்னே செல்வதைக் காண்பவர் அது அஞ்சிவிட்டது என்று எண்ணலாம். அது உண்மையில் ஓடி வருவதற்கு வேண்டிய தொலைவைத் தேடிக்கொள்கிறது. அதன் கண்கள் எதிராளியை விட்டு விலகுவதில்லை. அஞ்சி ஓடுவதற்கும் அடங்கிப் பின்வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. ஓடுபவர் எதிராளிக்கு முதுகு காட்டுகிறார். பின்வாங்குபவர் முகம் காட்டுகிறார்.

ஓர் ஆட்டம்

இதுவரை கூறியவற்றை ஓர் ஆட்டத்தில் வைத்துக் காணலாம். சிவப்புக் கச்சை கட்டிய மாணவர் உயரமானவர்; நீண்ட கையும் நீண்ட கம்பும் உடையவர். நீலக் கச்சை கட்டிய மாணவி உயரம் குறைந்தவர். விரைந்த காலடி உடையவர்.

ஆட்டம் தொடங்கியதும் நீலம் முன்பாய்ந்து தலையை நோக்கி வீசுகிறார். சிவப்பின் நீண்ட கம்பு அதற்கு முன்பே நீலத்தின் தோளைத் தொட்டுவிடுகிறது. சிவப்பிற்கு ஒரு புள்ளி. நீலம் மீண்டும் அவ்வாறே பாய்கிறார். மீண்டும் ஒரு புள்ளி இழக்கிறார். இது வலியறியாத தாக்குதல்.

அடுத்து, நீலம் பின்னோக்கிச் செல்லத் தொடங்குகிறார். சிவப்பு விடாது அடிக்கிறார். எல்லைக்கோடு நெருங்குகிறது. மூன்றாவது புள்ளியும் போகிறது. இது வாயில் இல்லாத மதில்.

இப்போது நீலம் எட்டாத தொலைவில் நின்று சிவப்பின் முன்காலைக் கவனிக்கிறார். ஒவ்வொரு வீச்சிற்கும் முன் அக்கால் சற்றே உயர்வதைக் காண்கிறார். அடுத்த முறை அது உயர்ந்ததும் நீலம் பின்னே செல்லவில்லை. பக்கவாட்டில் ஓரடி வைத்து உள்ளே புகுகிறார். தம் கம்பின் ஒரு முனையால் சிவப்பின் கம்பைக் கைப்பக்கத்தில் ஒதுக்குகிறார். மறுமுனை சிவப்பின் விலாவைத் தொடுகிறது. நீண்ட கை அண்மையில் பயன்படாது. முதலை நீரைவிட்டு வெளியே வந்துவிட்டது.

ஆட்டம் இதனோடு முடிவதில்லை. சிவப்பும் கற்றுக்கொள்வார், முன்காலை உயர்த்துவது போலப் போக்குக் காட்டுவார். அதையும் அறிந்துகொள்வது நீலத்தின் அடுத்த வேலை. யார் வென்றார் என்பதைவிட, நீலம் முதல் மூன்று புள்ளிகளை இழந்தபோது அச்சத்தாலோ சினத்தாலோ கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்தார் என்பதே இந்த ஆட்டத்தில் கற்கத்தக்கது.

தொடும் அளவே அடி

சிலம்பக் களத்தில் ஆட்டம் வணக்கத்தோடு தொடங்கி வணக்கத்தோடு முடிகிறது. இது வெறும் சடங்கன்று. எதிரே நிற்பவர் பகைவர் அல்லர். தம்மைப் போலவே கற்க வந்தவர் என்பதை இருவரும் ஏற்றுக்கொள்ளும் முறை அது.

போட்டியில் தொடுதலுக்கே புள்ளி என்பதை முன்னரே கண்டோம். எலும்பு முறியுமாறு அடிப்பவருக்குக் கூடுதல் புள்ளி இல்லை. நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் செல்லும் கம்பை எதிராளியின் தோலருகே நிறுத்துவது, அடிப்பதைவிட அரிய பயிற்சி. அப்பயிற்சி பெறாதவரிடம் எந்த ஆசானும் போர்ச் சிலம்பத்திற்குக் கம்பைத் தர மாட்டார். தம்மைக் காப்பது தடுப்பின் முதற்பாதி எனில், எதிரே நிற்பவரைத் தம் கம்பிலிருந்து காப்பது அதன் மறுபாதி.

களத்திற்கு வெளியே இப்பாடம் இன்னும் தெளிவாகிறது. தெருவில் வம்பிற்கு வருபவரிடமிருந்து விலகிச் செல்வது இடைவெளியைக் காத்தல். அது முதல் தடுப்பு. பெரியவரிடம் உடனே தெரிவிப்பது துணைவலி அறிதல். இவ்விரண்டும் இயலாத வேளையில், தப்பிச் செல்ல வழி கிடைக்கும் அளவிற்கு மட்டுமே கற்ற கலை பயன்பட வேண்டும். பூதிகோட்டையின் மதிலைக் கட்டியவர்கள் வாயிலையும் சேர்த்தே கட்டினார்கள். எந்நேரமும் திறந்து வைப்பதற்காக அவர்கள் அதைக் கட்டவில்லை.

அருஞ்சொற்பொருள்

அரண் - கோட்டை, காவல்
ஆநிரை - பசுக்கூட்டம்
மறவர் - வீரர்
பொருதல் - போரிடுதல்
போக்குக் காட்டுதல் - ஒன்றைச் செய்வது போலக் காட்டி ஏமாற்றுதல்
கூகை - கோட்டான், ஆந்தை வகை
கடா - ஆண் ஆடு
உத்தி - செயலை முடிக்கும் வழிமுறை
வாகையர் - வெற்றி பெற்றவர்

பயிற்சி

1. வெட்சி, வஞ்சி, உழிஞை ஆகியவற்றிற்கு இணையான தடுப்புத் திணைகளை எழுதுக.
2. வரும் கம்பை நுனியில் தடுப்பதைவிடக் கைப்பக்கத்தில் தடுப்பது எளிது. ஏன்?
3. முகமது அலி கின்ஷாசாவில் பெற்ற வெற்றியைத் தடுப்பின் வெற்றி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. காரணம் கூறுக.
4. ஐதர் அலி 1769இலும் 1781இலும் மேற்கொண்ட முறைகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
5. 'வாயில் இல்லாத மதில்' என்னும் தொடர் நீலக் கச்சை மாணவியின் எந்தச் செயலைக் குறிக்கிறது?
6. நீங்கள் வாழும் பகுதியில் பயிலப்படும் தற்காப்புக் கலை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதில் தடுப்பிற்குத் தரப்படும் பயிற்சியைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக.